தேரோட்டி மகனும் பாம்பு மருமகளும்

பதினேழாம் நாள் யுத்தத்துக்குப் புறப்படும் கர்ணன், மனைவியிடம் சொல்லிக்கொள்ள வருகிறான். பொன்னுருவி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ராஜா மகளாகப் பிறந்து தேரோட்டி வீட்டுப் பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டோமே என்ற ஆத்திரம் அவளுக்கு. இன்று அவன் சாகப் போகிறான் என்பது களத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். அவளுக்கோ அவனுடைய பிறப்புதான் தொண்டையில் சிக்கிய முள். அவள் ஏசுவாள், அவன் கெஞ்சுவான். மத்தளக்காரர் இடையில் ஒரு பீடி பற்றவைத்து முடிக்கும் அளவுக்கு அந்தச் சண்டை நீளும். கடைசியில், கிழக்கு வெளுக்கிற நேரத்தில், தான் குந்தி பெற்ற மூத்த மகன் என்பதைக் கர்ணன் சொல்வான். பொன்னுருவி அப்படியே அவன் காலில் விழுவாள்.

எங்கள் ஆயா முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இத மொதல்லயே சொல்லியிருந்தா அவ ஏன் அப்படிப் பேசப் போறா?"

எனக்கு எட்டு, ஒன்பது வயது இருக்கும். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் பாதையை ஒட்டிய ஊர் எங்களுடையது. கர்ண மோட்சக் கூத்து நடக்கிற ராத்திரி யாரும் தூங்க மாட்டார்கள். ஆயா சொன்னதில் அன்றைக்கு எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. நாற்பது வருஷம் கழித்து அந்த வாக்கியம் நமைச்சல் எடுக்கிறது. பொன்னுருவி அப்படிப் பேசியது ஆயாவுக்கு வருத்தம் இல்லை. கர்ணன் தன் சாதிச் சான்றிதழை மடியிலேயே வைத்துக்கொண்டு உரிய நேரத்தில் எடுத்துக் காட்டவில்லையே என்பதுதான் வருத்தம்.

மாயமும் சாபமும் அவதாரமும் கலந்த நாடகம் நம் சனங்களுக்குப் புதிது அல்ல. டிவி வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே, மாசி பங்குனியில் அறுப்பு முடிந்த கையோடு திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படிப்பார்கள், ராத்திரியில் கூத்து நடத்துவார்கள். அர்ச்சுனன் தபசுக்கு மரம் ஏறுவான். மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் மல்லாந்து கிடப்பான். படுகளம் முடிந்து தீமிதி. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரம் என்று வடக்கு மாவட்டங்கள் முழுக்க இந்த ஏற்பாடு உண்டு. பத்து நாளோ பதினெட்டு நாளோ, ஊருக்கு வசதி எப்படியோ அப்படி.

யார் எங்கே உட்கார்வது என்பதும் கூத்தைப் போலவே பழைய ஏற்பாடு. கோயிலுக்கு எதிரே கோணிச் சாக்கு விரித்து ஊர்க்காரர்கள். இடது பக்கம் பெண்டுகள். காலனிச் சனங்கள் களத்தின் ஓரத்தில், புளியமரத்துக்கு அந்தப் பக்கம். நான் ஒருமுறை ஒன்றுக்குப் போய்விட்டுத் திரும்புகையில் அங்கே நின்று பார்த்தேன். கர்ணனுடைய கிரீடம் தெரிந்தது, கண்ணாடித் துண்டுகள் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் மின்னின. முகம் தெரியவில்லை. பிறப்பைச் சொல்லி ஒருவனை இழிவுபடுத்தலாமா என்று விடிய விடியக் கேட்ட கதையை, பிறப்புப்படி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தக் களத்தில் எல்லையைத் தாண்டிப் போய்வரத் துணிந்தவன் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் ஒருவன்தான். ராஜாவை வாடா போடா என்பான். யாரும் வாய்திறக்காத விஷயத்தைச் சிரிப்பில் சுருட்டி எறிவான். ஒரு வருஷம் எங்கள் ஊரில் வசதியான ஒருவர் கிணறு வெட்டியவர்களுக்குக் கூலியை இழுத்தடித்துக்கொண்டிருந்தார். கட்டியங்காரன் துரியோதன மகாராஜாவிடம் போய், அஸ்தினாபுரத்தில் கிணறு வெட்டினால் எந்த மாசம் கூலி கொடுப்பீர்கள் என்று பவ்யமாகக் கேட்டான். புளியமரத்துப் பக்கமிருந்து ஒரு விசில் வந்தது. முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள், ஒருவர் சிரிக்கவில்லை. அந்த வாரத்திலேயே கூலி பட்டுவாடா ஆனதாக அப்பா சொல்வார். ஆகியிருக்கலாம், ஆகாமலும் இருக்கலாம். ஊர்க்கதை அப்படித்தான் முடியும்.

கூத்தைத் தலையில் தூக்கிவைத்து ஆட எனக்கு விருப்பமில்லை. பொன்னுருவியின் மனமாற்றத்தைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். அவள் தப்பு செய்ததாகக் கதை சொல்வதில்லை. ஆள் மாறாட்டம் நடந்துவிட்டதாகச் சொல்கிறது. இதே வித்தை வேறு கதைகளிலும் உண்டு. சக்கிலியர் வீட்டில் வளர்ந்து வீரனான மதுரை வீரனுக்குக் காசிராஜன் மகன் என்று ஒரு முன்கதை இருக்கிறது. மாலை சுற்றிப் பிறந்த குழந்தை ஆகாது என்று காட்டில் விட்டார்களாம். சேரியில் வளர்ந்து, ஆரியமாலை மேல் ஆசைப்பட்டுக் கழுவேறுகிற காத்தவராயனுக்கோ பிறப்பு நேரே தேவலோகத்தில். கதைப்பாடல்களைத் தேடிப் பதிப்பித்த நா. வானமாமலை போன்ற ஆய்வாளர்கள் இந்த ஒட்டுவேலையை நன்றாகவே கவனித்திருக்கிறார்கள். கீழே இருப்பவன் உயர்ந்த காரியம் செய்துவிட்டால் அவன் பிறப்பில் ஏதோ ரகசியம் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் கேட்கிறவர்களுக்குச் சோறு இறங்காது. 1956இல் எம்.ஜி.ஆர். மதுரை வீரனாகவும் 1958இல் சிவாஜி காத்தவராயனாகவும் திரையில் வந்தபோது கொட்டகைகள் நிரம்பியதற்குப் பல காரணங்கள் உண்டு. ராஜகுமாரனுக்கான அழகை அந்த முகங்கள் முன்கூட்டியே வைத்திருந்ததும் அதில் ஒன்று.

1988இல் எங்கள் பஞ்சாயத்து ரேடியோ ரூமுக்கு ஒரு கறுப்பு வெள்ளை டிவி வந்தது. மரப்பெட்டி, முன்னால் இழுத்து மூடும் கதவு, பூட்டு, சாவி. சாவி வைத்திருந்தவர் அந்த வருஷத்தில் ஊரின் மிகப் பெரிய மனிதர். அக்டோபர் 2ஆம் தேதி பி.ஆர். சோப்ராவின் மகாபாரத் தூர்தர்ஷனில் தொடங்கியது. 1990 ஜூன் வரை, 94 எபிசோடு, ஞாயிற்றுக்கிழமை காலை வேலையெல்லாம் பத்து மணிக்கு மேல்தான். வசனம் முழுக்க இந்தி. யாருக்கும் ஒரு வார்த்தை புரியாது. புரியவேண்டிய அவசியமும் இல்லை. கதை எங்களுக்கு மனப்பாடம். திரௌபதி வேஷம் கட்டிப் பழகிய எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் முன்னால் உட்கார்ந்து, படத்தில் வாய் அசைய அசையத் தமிழில் எடுத்துவிடுவார். அநேகமாக அவர் சொன்னதற்கும் ராஹி மாசூம் ராசா எழுதிய வசனத்துக்கும் சம்பந்தமே இருந்திருக்காது. அவருடைய பாரதம் எங்களுக்குப் பிடித்திருந்தது.

ஊர் ரேடியோ ரூம் என்பதால் காலனிப் பிள்ளைகள் உள்ளே வரமாட்டார்கள். வரக்கூடாது என்று போர்டு எதுவும் கிடையாது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஆயுதப் பயிற்சி அரங்கில் கர்ணன் வந்து நிற்க, கிருபாச்சாரியார் குலம் என்ன, தகப்பன் யார் என்று கேட்கும் கட்டம் வந்த ஞாயிறு நினைவிருக்கிறது. பங்கஜ் தீரின் முகம் அப்படியே தொங்கிவிட்டது. ரூமுக்குள் எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். ஜன்னலில் யாரும் உச்சுக் கொட்டவில்லை என்று எழுத ஆசை. ஆனால் நான் அன்று திரும்பிப் பார்க்கவில்லை.

ஒன்று மட்டும் நிச்சயமாகச் சொல்ல முடியும். குந்தி குழந்தையைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விட்டபோது பெண்கள் பக்கம் ஓர் ஓசையும் இல்லை. கூத்தில் அந்தக் கட்டம் வாயால் சொல்லப்படும், பாட்டில் கடந்துபோகும். டிவியில் பிள்ளையின் கையும் காலும் அசைவது தெரிந்தது. தருமபுரி, சேலம் பக்கத்துப் பெண்களுக்கு அது வெறும் புராணம் இல்லை. பெண் சிசுவுக்கு என்ன நடக்கிறது என்பது ஒவ்வொரு தெருவுக்கும் தெரிந்த காலம் அது. 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கி, 2001இல் தருமபுரிக்கும் வேறு சில மாவட்டங்களுக்கும் நீட்டப்பட்டது. குந்தி மானத்துக்குப் பயந்து ஆண் பிள்ளையை விட்டாள். இங்கே பெண்ணாய்ப் பிறந்ததே காரணம். பெட்டி கரை ஒதுங்கி யாரோ எடுத்து வளர்ப்பதும் புராணத்தில்தான் அடிக்கடி நடக்கிறது.

அப்புறம் எல்லாம் வேகம். 1993இல் சன் டிவி. தொண்ணூறுகளின் பிற்பாதியில் நாகா இயக்கி இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய மர்மதேசம் வந்தது. அதில் 'விடாது கருப்பு' ஒளிபரப்பான ராத்திரிகளில் எங்கள் தெருவில் பிள்ளைகள் தனியாகக் கொல்லைப்புறம் போகவில்லை. குதிரை மேல் வரும் கருப்பு, தப்பு செய்தவனைத் தண்டிக்கிற காவல் தெய்வம். கோர்ட்டுக்கும் போலீஸுக்கும் போய்ப் பழக்கமில்லாத சனங்களுக்கு அந்த நீதி உடனே பிடிபட்டது.

2006க்குப் பிறகு இலவச வண்ணத் தொலைக்காட்சி. மாநிலம் முழுக்க ஒன்றரைக் கோடிக்கும் மேல் கொடுத்தார்கள். ரேஷன் கார்டு இருந்தால் பதினாலு அங்குலப் பெட்டி ஒன்று, ஊர்த்தெருவுக்கும் அதே, காலனிக்கும் அதே. 2011இல் அரசு கேபிள் மாசம் 70 ரூபாய்க்கு வந்தது. ரேடியோ ரூம் ஜன்னலில் கம்பியைப் பிடித்து நிற்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லாமல் போயிற்று. அந்த ரூமில் பிறகு உரமூட்டை வைத்தார்கள், இப்போது பூட்டிக் கிடக்கிறது. இந்தத் திட்டத்தை ஓட்டுக்கு லஞ்சம் என்று எழுதியவர்கள் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து பார்த்தவர்களாக இருக்க வேண்டும் என்பது என் சந்தேகம்.

ஆக, உட்காரும் இடம் சரியாயிற்று. கதை?

கதைக்குள்ளிருந்து ஒரு வார்த்தை காணாமல் போயிருந்தது. கூத்தில் பொன்னுருவி கர்ணனைக் குலத்தைச் சொல்லித்தான் ஏசினாள். சீரியலில் யாருக்கும் குலம் இல்லை. பணக்காரர், ஏழை, அவ்வளவுதான். ஒரு பெரிய பங்களா, அகலமான மாடிப்படி, படியில் இறங்கிவரும் மாமியார், கீழே தரையைத் துடைக்கும் அனாதைப் பெண். 2016 வாக்கில் இந்தி நாகினி தமிழ் பேசிக்கொண்டு வந்தது. 2017இல் சுந்தர் சி.யின் நிறுவனம் தயாரித்த நந்தினி சன் டிவியில் ஓடியது. மாளிகை, பழிவாங்கும் பாம்பு, சாபம், ஆவி, எதற்கும் குறைவில்லை. பாலிமரில் இந்தியிலிருந்து வந்த மூன்று முடிச்சில் ஒரு மருமகள் ஈயாகவே மாறிப் பறந்தாள். நகரத்துக்காரர்கள் அதை வைத்து மீம் போட்டார்கள். எங்கள் பெரியம்மா சிரிக்கவில்லை. "புகுந்த வூட்ல ஈ மாதிரிதான இருந்தோம்" என்றாள்.

வாயில்லாத ஒருத்திக்குப் பாம்பாகிக் கொத்தும் வரம் கிடைக்கிறது. அவளை அவமானப்படுத்தியவர்கள் ஒவ்வொருவராக விழுகிறார்கள். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. பகல் முழுக்கப் பிறர் வீட்டில் ஏவல் செய்துவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு உட்காரும் ஒருத்திக்கு அது கணக்கு நேர்செய்கிற நேரம். ஆனால் பாருங்கள், அவள் ஏழையாகவே இருந்து ஜெயிப்பதில்லை. நானூறு எபிசோடு கழித்து அவள்தான் அந்த மாளிகையின் உண்மையான வாரிசு என்று தெரியவரும். மச்சம், தாயத்து, பாதி கிழிந்த போட்டோ, ஏதோ ஒன்று காட்டிக்கொடுக்கும். ஆயா சொன்ன அதே வாக்கியம்: இதை முதலிலேயே சொல்லியிருந்தால் மாமியார் ஏன் அப்படிப் பேசப்போகிறாள்?

குலப்பேச்சு காணாமல் போனதற்குக் காரணம் தேடி அலைய வேண்டாம். 1995ஆம் வருஷத்துக் கேபிள் டிவி சட்டத்தின் கீழ் நிகழ்ச்சி விதிகள் இருக்கின்றன. எந்தச் சமூகத்தையும் தாக்கக்கூடாது. விளம்பரம் தரும் சோப்புக் கம்பெனிக்கு எல்லாச் சாதியும் சோப்புப் போட வேண்டும். ஒரு சாதிப் பெயரைச் சொன்னால் நாளைக்கே எங்காவது உருவபொம்மை எரியும். பாம்பு எந்தச் சங்கத்திலும் உறுப்பினர் இல்லை. எனவே பாம்பு.

2012 நவம்பர் 7ஆம் தேதி சாயங்காலம், தருமபுரிக்குப் பக்கத்தில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள் கொளுத்தப்பட்டன. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வீடுகள். சாதி தாண்டிய ஒரு கல்யாணம், பெண்ணின் தகப்பனார் தற்கொலை, அதைத் தொடர்ந்த கும்பல். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய் வேலை செய்து சேர்த்த சாமான்கள், பைக்குகள், பீரோக்கள், பிள்ளைகளின் சர்ட்டிபிகேட்டுகள் எரிந்தன. அடுத்த ஜூலையில் மணமகனான அந்த இளைஞன் தண்டவாளத்தின் ஓரத்தில் பிணமாகக் கிடந்தான். ஆரியமாலைக்காகக் காத்தவராயன் கழுவேறுகிறதைப் பார்த்துத் தலைமுறை தலைமுறையாக அழுத மாவட்டங்கள் இவை. அழுகைக்கும் நடத்தைக்கும் நடுவே இவ்வளவு பெரிய பள்ளம் எப்படி வந்தது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். கழுமரத்துக் காத்தவராயன் தெய்வமாகிவிட்டான், தெய்வத்துக்காக அழுவது சுலபம் என்பதற்கு மேல் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. வீடுகள் எரிந்த அந்த வாரத்திலும் சீரியல்கள் ஓடின. பணக்காரப் பையனும் ஏழைப் பெண்ணும் கோயில் பிராகாரத்தில் மோதிக்கொண்டு, பூத்தட்டு கீழே விழுந்து, காதலித்தார்கள். அவர்களுக்கு எந்தத் தெருவும் இல்லை.

காட்டில் இருப்பவர்களின் கதை இன்னும் மோசம். புராண சீரியலானாலும் பாம்பு சீரியலானாலும் காட்டுவாசி என்றால் இலையும் இறகும் கட்டிக்கொண்டு, முகத்தில் கோடு போட்டு, தீயைச் சுற்றிக் குதிக்க வேண்டும். கதாநாயகியின் விஷத்தை இறக்க மூலிகை தருவார்கள், இல்லை நரபலி கேட்பார்கள். இரண்டுக்கும் நடுவே அவர்களுக்கு வேறு ஜோலி இல்லை. எங்கள் மாவட்டத்தில் சித்தேரி, வத்தல்மலை என்று மலை மலையாக மலையாளிப் பழங்குடிகள் இருக்கிறார்கள் (கேரளத்து மலையாளி இல்லை, மலையை ஆளும் சனம்). அரூர் பக்கம் வாச்சாத்திக்கு 1992 ஜூன் 20ஆம் தேதி, சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் கூட்டமாகப் போனார்கள். பதினெட்டுப் பெண்கள் வன்புணர்வு செய்யப்பட்டார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன, கிணறு பாழாக்கப்பட்டது. வழக்கு பத்தொன்பது வருஷம் நடந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இடையிலேயே இறந்துபோக, மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்புச் சொன்னது. 2023இல் அதே தேதியில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்தப் பெண்கள் யாருக்கும் பாம்பாக மாறும் வரம் கிடைக்கவில்லை. பஸ் பிடித்து, கோர்ட் வராந்தாவில் காத்திருந்து, கூண்டில் ஏறி, திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இதை எந்த டிஆர்பியும் தாங்காது.

இப்போது போனுக்கு வருவோம். என் அக்கா மகன் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஞாயிறு ஊருக்கு வருவான். ஷிப்டுக்குப் போகும் பஸ்ஸில் கேம் ஆஃப் த்ரோன்ஸ் 73 எபிசோடையும் பார்த்து முடித்தவன். ராஜ குடும்பங்கள் சிம்மாசனத்துக்கு அடித்துக்கொள்ளும் கதை. அதில் ஜான் ஸ்னோ என்று ஒருவன். முறைதவறிப் பிறந்தவன் என்று விருந்தில்கூடப் பெரியவர்கள் மேஜையில் இடமில்லை. வடக்கே பனிச்சுவருக்குக் காவலுக்குப் போகிறான். அங்கே திருடனும் அனாதையும் பிரபு மகனும் ஒரே கறுப்பு உடையில். அக்கா மகன் அவனை ஏழு சீசன் தன் ஆளாகவே நினைத்திருக்கிறான்.

"கடைசில பாத்தா அவனும் ராஜா வூட்டுப் புள்ளையாம் மாமா. இதுக்கா இத்தன சீசன்?"

எனக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அவனுக்குப் பொன்னுருவி கதையைச் சொன்னேன். அவன் ஆயாவைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் ஜான் ஸ்னோவைப் பற்றி அவளும் அவனும் நேர் எதிராகச் சண்டை போட்டிருப்பார்கள். அவளுக்கு நிம்மதி தந்த இடத்தில் இவனுக்கு ஏமாற்றம். நாற்பது வருஷத்தில் ஏதோ மாறியிருக்கிறது என்று எனக்குத் தோன்றிய முதல் சமயம் அது.

கேம் ஆஃப் த்ரோன்ஸின் முன்கதையான ஹவுஸ் ஆஃப் தி டிராகனின் இரண்டாம் சீசனில், 2024இல், ராணி தன் பறக்கும் நாகங்களுக்கு ஆள் போதாமல் சாதாரண சனத்தைக் கூப்பிடுகிறாள். ஓர் இரும்புக் கொல்லன், ஒரு குடிகாரன் எல்லாம் வருகிறார்கள். அட, பரவாயில்லையே என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், கூப்பிட்டது ராஜ வம்சத்தார் வெளியே பெற்றுப்போட்ட பிள்ளைகளை. மிருகம் ரத்தத்தை மோப்பம் பிடிக்கிறது; பிடிக்காதவர்களை எரிக்கிறது. இங்கிலீஷ்காரன் எழுதினாலும் அமெரிக்காக்காரன் எழுதினாலும் காசிராஜன் வந்து நின்றுவிடுகிறான். ஒரே ஒரு தடவைதான் எனக்கு வாய்விட்டுச் சிரிக்கக் கிடைத்தது. 2022இல் தமிழிலும் வந்த ரிங்ஸ் ஆஃப் பவர் தொடரில், கடலில் தத்தளித்த ஒருவனைத் தொலைந்துபோன ராஜா என்று கதாநாயகியே முடிவுகட்டி, கிரீடம் வைக்காத குறையாகக் கொண்டாடுகிறாள். கடைசியில் அவன்தான் சகல தீமைக்கும் தலைவனான சௌரோன். முன்பின் தெரியாதவன் நல்லவனாக இருந்தால் ராஜகுமாரனாகத்தான் இருப்பான் என்று நம்பியதற்கு நல்ல சூடு. அதே தொடரில் அசிங்க முகங்களோடு கூட்டமாகச் செத்துவிழ மட்டுமே வந்துகொண்டிருந்த ஓர்க்குகளுக்காக ஒருவன் பேசுகிறான்: எங்களுக்கும் பெயர் உண்டு, எங்களுக்கும் ஒரு நிலம் வேண்டும் என்கிற மாதிரி. அக்கா மகன் அந்த இடத்தை எனக்கு இரண்டு தடவை ஓட்டிக் காட்டினான். கட்டியங்காரன் எங்கேயோ நியூசிலாந்தில் போய் மறுபிறவி எடுத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

தமிழிலும் அசைவு இருக்கிறது. 2022இல் புஷ்கர், காயத்ரி எழுதிய சுழல் மயானக் கொள்ளையை மையமாக வைத்தது. மாசியில் அங்காளம்மன் மயானத்துக்குப் புறப்படும் திருவிழா எங்களுக்கு அன்றாட விஷயம். தருமபுரி வீதிகளில் பார்த்துப் பழகியது. தொடரில் அதை ஒரு மலையூருக்குக் கொண்டுபோய், சிமெண்ட் ஆலை முதலாளி, யூனியன் தலைவர் என்று வர்க்கத்தைச் சேர்த்தார்கள். நன்றாகவே இருந்தது. அங்கேயும் ஆலைக்கு வெளியே யார் எந்தத் தெரு என்ற பேச்சு அடக்கித்தான் வாசித்தது.

எனக்கு மிகவும் நெருக்கமாக வந்தது 2023 ஜனவரியில் ஜீ5இல் வெளியான அயலி. முத்துக்குமார் இயக்கிய எட்டு எபிசோடு. புதுக்கோட்டைப் பக்கம் வீரப்பண்ணை என்ற ஊர், 1990. அயலி அம்மனின் சாபத்துக்குப் பயந்து, வயசுக்கு வந்த பெண்ணை ஊர் எல்லை தாண்டவிடாமல் கட்டிக்கொடுத்துவிடுவார்கள். டாக்டருக்குப் படிக்க நினைக்கும் தமிழ்ச்செல்வி, தான் வயசுக்கு வந்ததையே மறைக்கிறாள். சாபம் உண்டு, தெய்வம் உண்டு, ஊரே நடுங்குகிறது. ஆனால் எந்தப் பாம்பும் வந்து காப்பாற்றவில்லை. முக்கியமாக, அவள் யாருடைய தொலைந்துபோன மகளும் இல்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சைதான் அவளுடைய பிரம்மாஸ்திரம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் எங்களுடையது, 68.54 சதவீதம். மாநில சராசரி எண்பது. எட்டாவதோடு நின்று, பதினாறில் கழுத்தை நீட்டியவர்கள் என் வகுப்பில் எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஒரு கை போதவில்லை. அயலியை அக்காவும் அவள் மருமகளும் சேர்ந்து பார்த்தார்கள். முடிந்ததும் அக்கா ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் மாட்டுக்குத் தண்ணி காட்டினாள். அவளும் எட்டாவதுதான்.

கூத்து நின்றுவிடவில்லை. 2024இல் வந்த ஜமா படத்தைப் பார்த்துவிட்டு, ஐயோ அழிகிறதே என்று பட்டணத்தில் சிலர் வருந்தினார்கள். இங்கே இன்னமும் கொடிக்கம்பத்தில் கொடி ஏறுகிறது. பெட்ரோமாக்ஸ் போய் எல்இடி வந்துவிட்டது, கர்ணன் காலர் மைக்கில் பேசுகிறான், நடு ராத்திரிக்கு மேல் கூட்டம் பாதி. எங்கள் ஊர்க் காலனியில் அவர்களே கோயில் கட்டி, அவர்களே பணம் பிரித்து, தனியாகக் கூத்து வைக்கிறார்கள். புளியமரம் ரோடு அகலப்படுத்தியபோது போய்விட்டது. போன வருஷம் அங்கே நடந்த கர்ண மோட்சத்தை யாரோ போனில் பிடித்து யூடியூபில் போட்டிருந்தார்கள். நான் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன். கூத்துக் களம் என் வீட்டிலிருந்து நடந்தால் ஐந்து நிமிஷம். போகவில்லை. வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, அழைக்கவும் இல்லை. நானும் ஏன் போகவில்லை என்று கேட்டால் நேரான பதில் என்னிடம் இல்லை. அந்த வீடியோவில் கட்டியங்காரன் பொன்னுருவியிடம் ஒரு கேள்வி கேட்டான். நான் சின்ன வயதில் கேட்டிராதது. குந்தி மகன் என்று தெரிந்ததால் காலில் விழுகிறாயே, நாளைக்கே அதுவும் பொய் என்று தெரிந்தால் எழுந்துகொள்வாயா என்றான். அங்கே எழுந்த விசிலில் போன் ஸ்பீக்கர் கரகரத்தது.

போன மாசம் அக்கா மகன் வந்திருந்தபோது கொல்லைமேட்டுக்குப் போனோம். அங்கே ஒரு வேடியப்பன் கல் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடுவார்கள். பல்லவர் காலத்து எழுத்தோடு கிடைத்தவற்றைத் தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள், ஆநிரை கவர்ந்ததும் மீட்டதும் பட்டதும் எழுதியிருக்கும். எங்கள் கல்லில் எழுத்து இல்லை. கையில் வில்லோடு ஒரு ஆள், அவ்வளவுதான். மேட்டில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் என்பதால் பையன்களுக்கு அது பிரியமான இடம்.

"இவரு யாரு வூட்டுப் புள்ள மாமா?"

எனக்குத் தெரியவில்லை. ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவரிடம் கேட்டான். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மாடு மீக்கப் போயி செத்தவன்னு சொல்லுவாங்க" என்றார். "யாரு புள்ளைன்னு எவனும் கேட்டதில்ல. நீதான் கேக்கற."

அக்கா மகன் தலையாட்டிவிட்டு, கல்லின் காலடியில் இருந்த கற்பூரத் தட்டை நகர்த்தி, போனைச் சாய்த்து வைத்து, விட்ட இடத்திலிருந்து ஓட்டினான்.